கேசட்டில் மட்டுமே வாழ்ந்த இரைச்சல் இசை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த, 1970களில் எழுந்த முரட்டு ராக் இசை வகையான பிரிட்டிஷ் பங்க் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், அதே ஆண்டுகளில் அதே நாட்டில் இருபது, ஐம்பது, நூறு பிரதிகளாகக் கேசட்டில் மட்டுமே வெளிவந்த, இரைச்சலையே இசையாக்கும் இரைச்சல் இசையையும் பரிசோதனை இசையையும் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இசைத்தட்டாக வந்ததுதான் வரலாறு என்று கட்டுரையாளர் கருதிவிட்டாரோ என்று தோன்றியது.

ஷெஃபீல்டு நகரின் கேபரே வோல்டேர் குழுவை எடுத்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் கிர்க், ஸ்டீபன் மாலிண்டர், கிறிஸ் வாட்சன் ஆகிய மூவரும் 1973 முதல், நாடாத் துண்டுகளை வளையமாக ஒட்டி ஓடவிட்டும் குரலைச் சிதைத்தும் பதிவு செய்துவந்தவற்றை, 1976இல் வெறும் 25 கேசட்டுகளாக வெளியிட்டனர். பங்க் அலையின் புகழ்பெற்ற இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை அப்போது வந்திருக்கவே இல்லை. அந்தத் தொடக்ககாலப் பதிவுகளில் சிலவற்றை 1980இல் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் மறுபடி வெளியிட்டபோது, அதுவும் கேசட்டாகவே வந்தது. அந்த நிறுவனத்தை நடத்திய த்ராபிங் கிரிஸில் குழுவினர் தங்கள் நேரடி நிகழ்ச்சிகளின் பதிவுகளை 24 கேசட்டுகளாக ஒரு பெட்டியில் அடுக்கி விற்றவர்கள். (காட்டுயிர்களின் ஒலிகளைப் பதிவு செய்து, டேவிட் அட்டன்பரோவின் இயற்கை பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் வழியே பின்னாளில் உலகறிந்தவரும் இதே கிறிஸ் வாட்சன்தான்.)

இவர்களாவது பெயர் பெற்றார்கள். பிலிப் சாண்டர்சனின் ஸ்நாட்ச் டேப்ஸ், 1982இல் கேரி மண்டி தொடங்கிய புரோக்கன் ஃபிளாக் போன்ற சிறு வெளியீட்டகங்களை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் இரண்டு கருவிகளை இணைத்து, ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓடவிட்டு நகலெடுப்பதும், அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரித்து ஒட்டுவதும் அவ்வுலகின் வழக்கம். வெற்றுக் கேசட்டையும் அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறையையும் அனுப்பியவர்களுக்குப் பணம் வாங்காமலே பதிவு செய்து தந்தவர்களும் உண்டு. நகலுக்கு நகல் நாடாவின் சீறல் கூடும், ஒலி மங்கும். அந்தச் சீறலைக் குறை என்று ஒதுக்காமல் இசைக்குள்ளேயே இழுத்துக்கொண்டவை இப்பதிவுகள் என்பதால், அவற்றைத் துப்புரவாக்கி இசைத்தட்டில் ஏற்றும்போது ஏதோ ஒன்று குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

எல்லாமே அருமையானவை என்று நான் வாதாடவில்லை. பல கேசட்டுகள் சலிப்பூட்டுபவை. நாஜிச் சின்னங்களையும் கொலைகாரர்களின் படங்களையும் அதிர்ச்சிக்காகவே அட்டையில் போட்டவர்கள் மீது எழுந்த கண்டனமும் நியாயமானதே. ஆனால் கண்டிப்பதற்கும் அந்தப் பொருள் கையில் இருக்க வேண்டும் அல்லவா?

சிக்கல் இங்கேதான். பிரிட்டனில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதியைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அளிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. யாரேனும் தாமாக முன்வந்து கொடுத்தால், அல்லது நூலகமே தேடி வாங்கினால்தான் உண்டு. வில்லியம் ஃபர்லாங் 1973 முதல் கேசட் வடிவில் நடத்திய ‘ஆடியோ ஆர்ட்ஸ்’ என்ற கலை இதழின் ஆவணங்களை லண்டனின் டேட் கலை அருங்காட்சியகம் ஏற்றுக்கொண்டது. கலைஞர்களின் நேர்காணல்களுக்குக் கிடைத்த அந்த இடம், இரைச்சல் இசைக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஜெர்மனியின் வினைல் ஆன் டிமாண்ட் நிறுவனம் இவற்றில் சிலவற்றை மறுவெளியீடு செய்தது. 2016இல் செர்ரி ரெட் நிறுவனமும் 1975 முதல் 1984 வரையிலான பிரிட்டிஷ் மின்னணு இசையை நான்கு குறுந்தகடுகளில் தொகுத்தது. தொகுப்பில் இடம்பெறாதவை பெரும்பாலும் பழைய சேகரிப்பாளர்களின் அலமாரிகளில், கேசட்டுக்குள் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பட்டையின் பசை உதிர்ந்த நிலையில் கிடக்கின்றன.

ஆகவே, கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், சவுண்ட்ஸ் ஆகிய வார இதழ்கள் அந்நாளில் இத்தகைய கேசட்டுகளுக்காகவே நடத்திய பத்திகளையாவது கட்டுரையாளர் புரட்டிப் பார்க்கும்படி தாங்கள் அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்