அணைக்கு அடியில் ஒரு ஊர்

கிரனோபிள், பிரான்ஸ்,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள முருகேசு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். நீ கூடவே இருந்தாய் என்றும் சொன்னாள். நன்றி என்று எழுதினால் திட்டுவாய், விட்டுவிடுகிறேன்.

வேறு ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளின் குளிர்கால விடுமுறையில் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். சவுவா மாவட்டம், இத்தாலி எல்லைக்குப் பக்கம், தீன்யே என்று ஒரு ஊர். போய் வந்ததிலிருந்து இதை உன்னிடம் சொன்னால்தான் ஆறும் என்று இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் உன் கடைக்கு ஆள் வந்துவிடும்.

நீ முதலில் கேட்கப் போவதற்குப் பதில்: ஆமாம், சறுக்கினேன். பூட்ஸ் முழுக்கக் கெட்டி பிளாஸ்டிக். கொக்கிகளை இழுத்து மாட்டினால் கணுக்கால் இம்மியும் அசையாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸில் அழுந்தும்படி முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் போகும். போனால் காலில் மாட்டிய ஸ்கீ பலகை நம் பேச்சைக் கேட்காது. நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சரிவுகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை சுலபம், அப்புறம் நீலம், சிவப்பு, கறுப்பு. நான் நீலம் வரை. பெரியவள் சிவப்பில் இறங்கினாள். பாலாமணி டீச்சர் மரத்தில் ஏறாதே என்று விரட்டிய உன் காலுக்கு ஒரு வாரத்தில் கறுப்பே வந்துவிடும், வந்து பார்.

செலவைப் பற்றி மட்டும் கேட்காதே. விடுமுறை வாரம் வந்தால் அறை வாடகை ஏறுகிற ஏற்றம் அநியாயம். பெண்டாட்டி இப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பூர் சேன் மொரீஸில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் மலை ஏற வேண்டும். கடைசியில் பஸ் ஒரு அணையின் மேல் ஏறி அந்தப் பக்கம் போகிறது. ஷெவ்ரில் அணை, இசேர் ஆற்றின் குறுக்கே, 180 மீட்டர் உயரம். நம் மேட்டூர் அணை 214 அடி. இது 590 அடி வரும். பிரான்சிலேயே உயரமானது. சுவரில் 1989இல் ஒரு பெரிய ஹெர்குலிஸ் உருவம் வரைந்திருக்கிறார்கள், இப்போது மங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மின்சாரத்துக்காகக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரை இறக்கிவிடுவதால், மேலே உறைந்திருந்த பனிக்கட்டி பலகை பலகையாக உடைந்து கரைச் சரிவில் சாய்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் அதைக் காட்டி, “பழைய தீன்யே இதற்குக் கீழேதான் இருக்கிறது” என்றார்.

முருகேசு, அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். மேட்டூர் அணைத் தண்ணீரில் ஊரைப் பறிகொடுத்த எங்கள் அப்பாருவை உனக்குத் தெரியுமே.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரான்சுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. கட்டுவது என்று முடிவாகிவிட்டது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், மறித்தார்கள், நடக்கவில்லை. 1952இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். போகமாட்டோம் என்று இருந்தவர்களைப் போலீஸை வைத்து வெளியேற்றினார்கள். வீடுகளையும் மாதா கோயிலையும் வெடி வைத்து இடித்தார்கள். அதற்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி, இறந்தவர்களை எடுத்துக்கொண்டு போய் மேலே லே புவாஸில் மறுபடி புதைத்தார்கள். மாதா கோயிலையும் அங்கேயே பழையதைப் பார்த்து அதே சாயலில் கட்டிக்கொண்டார்கள். நான் தனியாக அங்கே போய்ப் பார்த்தேன். சின்னக் கோயில்தான். சறுக்க வந்தவர்கள் யாரும் உள்ளே இல்லை.

முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒரு முறை அணையைச் சோதிக்கத் தண்ணீரை முழுக்க வடிப்பார்களாம். அப்போது சேற்றுக்கு நடுவே பழைய பாலமும் சுவர்களும் தெரியுமாம். ஊர்ச்சனம் இறங்கி, எங்கள் வீடு இது, உங்கள் வீடு அது என்று நடந்து பார்ப்பார்களாம். மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில், நம் பண்ணவாடியில் நீர் இறங்கினால், மூழ்கிய கோயில்களின் நந்தியையும் கோபுரங்களையும் பார்க்க நாம் ஓடுவோமே, நமக்கு அது வேடிக்கை. அப்பாரு மட்டும் நந்தியைப் பார்க்கமாட்டார். இடது பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே என்ன இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஊரை இழந்தவர்களில் சிலர் மலையை விட்டுப் போகவில்லை. கோடையில் மாடு மேய்த்த இடத்தில், 2100 மீட்டர் உயரத்தில், ஒரு சின்ன ஏரிக்கரையில் புதிதாக ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கச் சறுக்க வருகிற தீன்யே அதுதான். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் சில போட்டிகள் இங்கே நடந்தன. அதற்கு மேலே கிராந்த் மோத் பனியாறு. மலைக்குள் குடைந்த பாதையில் ரயில் ஓடி 3032 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது. முன்பு அங்கே வருடம் முழுக்கச் சறுக்கலாம். இப்போது கோடையில் சில வாரம்தான், பனியாறு சுருங்கிக்கொண்டே போகிறது. எங்களுக்குச் சொல்லித் தந்த வாத்தியாரின் பாட்டி பழைய ஊரில் பிறந்தவர். “பாட்டியிடமிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டது, என் பையன்களிடமிருந்து பனி போகிறது” என்றார். சொல்லிவிட்டு உடனே என் முழங்காலை மடக்கச் சொன்னார். எனக்கு அதற்கப்புறம் அன்று சறுக்க மனசு வரவில்லை.

ஆனால் ஒன்று. அந்த மக்களின் சண்டை, கண்ணீர், கடைசி நாட்கள் எல்லாம் படமாகவும் பதிவாகவும் இருக்கின்றன. யார் வீடு எங்கே இருந்தது என்று சொல்ல ஆள் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? 1934இல் மேட்டூர் அணை முடிந்தது, தஞ்சாவூர் வரை வயல் விளைந்தது, பாடப் புத்தகத்தில் அவ்வளவுதான். நம் சனத்தின் சுடுகாடு என்ன ஆனது? யாராவது எலும்பையாவது எடுத்துக்கொண்டு வந்தார்களா? எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? கோயில் சாமியைக் கொண்டு வந்தார்களே, வண்டியிலா, தலையிலா? இது ஒன்றுமே தெரியாமல் நாற்பத்தாறு வயதுவரை இருந்துவிட்டோம் என்பது என்னைத் தூங்கவிடவில்லை.

உன் அம்மாயிக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். அவருடைய அம்மா மூழ்கிப்போன ஊரில் வாழ்க்கைப்பட்டு, கைப்பிள்ளையோடு வெளியேறியவர் என்று நீதானே சொன்னாய். காது மந்தமானாலும் பழைய பேச்சு பிசகாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார். சேகரின் போனை வாங்கிக்கொள், உன்னுடையது பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். மேலே எழுதிய கேள்விகளைக் கேள், அவர் எங்கே திரும்பினாலும் விடு, மறிக்காதே. ஊர்ப் பெயர்களை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்.

மே கடைசியில் வருகிறோம். கொளத்தூரில் இறங்கியதும் நேரே உன் வீடுதான். தண்ணீர் இறங்கியிருந்தால் போகலாம், பரிசல்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வை. பெரியவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உன்,
செந்தில்