கிணற்றுக்குப் பலகை போதும், நிலத்தடிக்கு வழி சொல்லுங்கள்

நிலத்தடி நீருக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. இரத்மலானையில் குரோம் அடிக்கும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கிணறுகளில் பட்டறையின் குரோமியம் கலந்த கதை உங்கள் கோப்பில் இருப்பதால் அதை மறுபடி ஒப்பிக்கவில்லை. 'மாற்று நீர்மூலங்களைப் பயன்படுத்தவும்' என்ற உங்கள் ஒற்றை வரிக்குத்தான் இந்தப் பதில்.

மாற்று என்றால் குழாய்த் தண்ணீர். அது வராவிட்டால் பவுசர் வண்டி. இரண்டும் வராத ஒரு நாளில் எங்கள் லேனில் ஒரு மௌத்து நடந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். முற்றத்தில் கிணறு நிறைய நீர், அதன் மேல் உங்கள் சிவப்புப் பலகை. குடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இறந்த உடலைக் குளிப்பாட்டலாமா என்று இல்லை. அந்த வீட்டு மகன் உங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டார். எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னார்களாம். பெற்ற தகப்பனைக் குளிப்பாட்ட விண்ணப்பம்! கடைசியில் அயலவர் தொட்டிகளில் மிஞ்சியதைச் சேர்த்து, போதாததற்குக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கித்தான் குளிப்பாட்டினார்கள்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்று. பட்டறைக்கும் கிணறுகளுக்கும் நடுவே நிலத்தடியில் ஓர் இரும்புத் தடுப்பு போட முடியுமா என்று ஆய்வு செய்யுங்கள்.

இது எங்கள் கற்பனை இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டி என்ற இடத்தில், கரையோரக் காவல்படையின் குரோம் பட்டறையிலிருந்து கசிந்த இதே நஞ்சைத் தடுக்க 1996இல் ஓர் அகழி வெட்டினார்கள். நீளம் 46 மீற்றர், ஆழம் 7 மீற்றருக்குச் சற்று அதிகம், அகலம் 60 சென்ரிமீற்றர். அதற்குள் இரும்புத் துருவலைக் கொட்டி மூடினார்கள். பம்பும் இல்லை, கரண்டும் இல்லை. நிலத்தடி நீர் தன் போக்கில் இரும்புக்குள்ளால் போகிறது. நஞ்சான குரோமியம் 6 நீரில் கரைந்து ஓடக்கூடியது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதைக் குரோமியம் 3 ஆக மாற்றிவிடுகிறது. அது கரையாது, துருவோடு சேர்ந்து அங்கேயே படிந்துவிடும். 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தடுப்பு குரோமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இரும்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக் கிணறுகளில் கலந்தது போன்ற எண்ணெய்க்கு இது சரிவராது. நாள்பட நாள்பட துருவும் உப்புப் படிவும் துருவலுக்கு நடுவே உள்ள துளைகளை அடைக்கும். நீர் ஓடும் திசையைப் பிழையாகக் கணித்தால் நஞ்சு தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஆய்வு கேட்கிறோம். சில கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி நீரோட்டத்தை அளந்து பாருங்கள். எங்கள் கிணற்று நீரையே ஒரு குழாயில் அடைத்த இரும்புத் துருவல் ஊடாக ஆய்வுகூடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். இந்த மணற்பாங்கான நிலத்தில் தோண்டுவதற்குக் குன்றைக் குடைய வேண்டியதில்லை.

இரும்புக்குத் தட்டுப்பாடு என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு நடை போனால் நாட்டுக்கே காணும் இரும்பு கிடக்கிறது. லேத் இயந்திரத்தில் விழும் இரும்புச் சீவலை எண்ணெய் போக்காமல் அப்படியே கொட்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். இந்த நாட்டில் தட்டுப்பாடே வராத பொருள் ஒன்று உண்டென்றால், அது குழு. ஒரு குழு வந்து பார்க்கும், இன்னொரு குழு அந்தக் குழுவின் அறிக்கையைப் பார்க்கும், அதற்குள் தேர்தல் வந்துவிடும். பட்டறை மட்டும் ஒரு நாளும் விடாமல் வேலை செய்யும்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

தயவுசெய்து மூன்றைச் செய்யுங்கள். முதலில் பட்டறையின் கசிவை நிறுத்துங்கள். மேலே ஊற்றிக்கொண்டே கீழே தடுப்பதில் பயன் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கிணற்றிலும் குரோமியம் எவ்வளவு என்ற அளவை எங்களுக்குத் தாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 0.05 மில்லிகிராம் என்பது தெரியும். எங்கள் கிணறு அதில் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியாது. மூன்றாவது, மறுபடியும் அதேதான்: இரும்புத் தடுப்புக்கான ஆய்வு. முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள், படித்து விளங்கிக்கொள்வோம்.

அந்தப் பதில் தமிழிலும் இருந்தால் உதவியாக இருக்கும். போன வாரக் கடிதத்தைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துத்தான் படித்தோம். ஆய்வுக்கு வரும் திகதியை முன்கூட்டியே அறிவித்தால் கிணறுகளைத் திறந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
இரத்மலானைக் கிணற்று வீட்டுக்காரர்களில் ஒருவர்