குங்குமம் வைத்த இன்சோல்

பெசன்ட் நகர், சென்னை
நவம்பர் 12

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வீட்டில் ஒழுகும் இடத்தையெல்லாம் பார்த்து முடிக்கவே நேரம் போய்விட்டது. அதனால்தான் தாமதம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவள் திருச்சியில் ஹாஸ்டலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அவள் போன் வரும்வரை நானும் உன் தங்கையும் டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான்கு முறை படித்தேன். "ரேஸ்கோர்ஸில் மூன்றாவது சுற்று முடிந்து நாலாவது தொடங்கும்போது வலது பாதத்தின் முன்பக்கம் எரிகிறது, ஷூவுக்குள் கூழாங்கல் கிடக்கிற மாதிரி இருக்கிறது, கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஜனவரியில் சென்னை மாரத்தான் முடியும்வரை எப்படியாவது ஓட்டிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "எப்படியாவது"தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. போன வருஷம் இதே வார்த்தையை நானும் சொன்னேன். உனக்கு முழுக்கதை தெரியாது. காலில் அடி, ஓடவில்லை என்று மட்டும்தான் அப்போது சொன்னேன்.

ஹாஸ்டல் அறைச் சுவரில் நீ ஒட்டிவைத்திருந்த படம் ஞாபகம் இருக்கிறதா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்ற அபேபே பிகிலா. அந்தப் படம் எனக்குள் எங்கேயோ உட்கார்ந்திருந்தது போல. போன வருஷம் ஜூனில், மெல்லிய அடிப்பாகம் உள்ள, குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும் ஷூ ஒன்று வாங்கினேன். வெறுங்காலில் ஓடுவதுதான் இயற்கை, குதிகாலை ஊன்றுவது தப்பு என்று அந்த நாட்களில் நிறையப் படித்திருந்தேன். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், புது ஷூவிலும் அதே 50-ஐ ஓடினேன். பிகிலா சின்ன வயதிலிருந்தே வெறுங்காலில் நடந்து வளர்ந்தவர். 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் ஜெயித்தார். ஷூ அவருக்கு ஒரு கொள்கையாக இருந்ததே இல்லை. என் பாதமோ நாற்பது வருஷம் மெத்தென்ற ஷூவுக்குப் பழகிப்போனது.

கணக்குப் போட்டுப் பார். நிமிஷத்துக்கு 170 எட்டு எடுத்து வைக்கிறோம் என்றால் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு காலுக்கு ஐயாயிரம். ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒரு காலில் இறங்குகிறது. குதிகால் ஊன்றி ஓடுகிறவனுக்கு அதில் ஒரு பங்கைக் குதிகால் வாங்கிக்கொள்ளும். நான் அதை முழுசாகத் தூக்கி முன்பாதத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூலையில் இரண்டாவது விரலுக்குக் கீழே, அந்த மேட்டில் வலி தொடங்கியது. ஓடி முடித்த பிறகு கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும். பிறகு ஓடும்போதே வந்தது. ஆகஸ்டில் எக்ஸ்-ரே எடுத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள், தட்டைப் பாதம், வலி மாத்திரை போட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம்வரை போய் வந்து போய் வந்து, 24 கிலோமீட்டர் ஓடினேன். அன்று மாலை பாதத்தின் மேல்புறம் வீங்கிவிட்டது. செருப்பு வாரைப் போட முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு டாக்டர் மறுபடி எக்ஸ்-ரே எடுத்தார். வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இரண்டாவது விரலுக்குப் பின்னால் நீண்டு போகும் எலும்பைச் சுற்றி, பஞ்சு ஒட்டினாற்போல மங்கலாக ஒரு புடைப்பு. "எலும்பு தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது, அதுதான் இது. விரிசல் முதலிலேயே இருந்திருக்கும், மெல்லிசாக இருந்ததால் படத்தில் விழவில்லை" என்றார். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். இதற்கு "மார்ச் ஃப்ராக்சர்", அதாவது அணிவகுப்பு நடையால் வரும் எலும்பு முறிவு, என்று பழைய பெயர் உண்டு என்றும் சொன்னார். 1855-இல் பிரஷ்யப் படையில் இருந்த பிரைட்ஹாப்ட் என்ற மருத்துவர், அணிவகுத்து நடந்தே சிப்பாய்களுக்குப் பாதம் வீங்குவதைக் குறித்துவைத்திருக்கிறார். எக்ஸ்-ரே கண்டுபிடித்ததே 1895-இல்தான். அதுவரை வீக்கம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. முதல் நான்கு வாரம் அடிப்பாகம் வளையாத கனமான ஷூ. பிறகு நீச்சல், சைக்கிள். ஜனவரி முதல் ஞாயிறு அன்று காலையில் எழுந்து, ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனேன். மாப்ளே, அழுதுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உனக்கு வந்திருப்பது என்னுடையது அல்ல என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முன்பாத வலி என்று ஒரே பெயரில் நாம் சொல்வது நாலைந்து வேறு வேறு தொல்லைகள். எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நான் மூன்று மாதம் "பாதம் வலிக்கிறது" என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு விரலை வைத்து இங்கே என்று தொட்டுப் பார்க்கவே இல்லை.

இன்று இரவு நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால்மேல் போட்டுக்கொள். முதலில் பாதத்தின் மேல்புறம், விரலிலிருந்து கணுக்கால் பக்கம் ஓடும் எலும்புகளை ஒவ்வொன்றாக ஆள்காட்டி விரலால் அழுத்து. ஒரே புள்ளியில் சுளீரென்று வலித்தால் அல்லது அங்கே வீக்கம் இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. அது என் கதை. அடுத்து அடிப்புறம், விரல் மேடுகளை அழுத்து. இரண்டாவது, மூன்றாவது மேட்டில் வலித்தால் பாரம் அங்கே அதிகமாக இறங்குகிறது என்று அர்த்தம், சரி செய்துவிடலாம். கட்டைவிரல் மேட்டில் என்றால் அங்கே பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் தசைநாருக்குள் புதைந்து இருக்கின்றன. முழங்கால் சில்லும் அதே ஜாதி எலும்புதான். கட்டைவிரலை ஊன்றி எம்பும்போது அவை வலிக்கும். அது பிடிவாதமான வலி, ஆற நாளாகும்.

கடைசியாக மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவில், எலும்பில் அல்ல, இடைவெளியில் அழுத்து. கூடவே இன்னொரு கையால் பாதத்தை இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து நெருக்கு. எரிச்சல் விரல் நுனிக்குப் பாய்ந்தால், அல்லது உள்ளே 'டக்' என்று ஏதோ நழுவினால், நரம்புதான். எரிகிறது, கூழாங்கல் மாதிரி இருக்கிறது, ஷூவைக் கழற்றினால் சரியாகிறது என்று நீ எழுதியதெல்லாம் அதைத்தான் காட்டுகிறது. 1876-இல் பிலடெல்பியாவில் மார்ட்டன் என்ற டாக்டர் விவரமாக எழுதியதால் அவர் பெயரிலேயே மார்ட்டன்ஸ் நியூரோமா என்கிறார்கள். கட்டி என்று அர்த்தம் வருகிற பெயர், ஆனால் கட்டி இல்லை. எலும்புகளுக்கு நடுவே நசுங்கி நசுங்கி நரம்பைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போகிறது, அவ்வளவுதான். பெயரைக் கேட்டு வீட்டில் யாரும் பயந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கும் பெரியண்ணனுக்கும் சர்க்கரை இருக்கிறது. நீ கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய்? எரிச்சல் இரண்டு பாதத்திலும் இருந்தாலோ, ஓடாத நேரத்தில் இரவில் படுத்த பிறகு வந்தாலோ, அது சர்க்கரையால் நரம்பு கெட்டதாகவும் இருக்கலாம், ஷூவை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி ஒன்று எடுத்துவிடு. காலையில் டிபனுக்கு முன்னால்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இப்போது ஷூ. மாலையில், பாதம் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றி பென்சிலால் வரைந்துகொள். ஷூவுக்குள் அடியில் கிடக்கும் மெத்தைத் தகட்டை, அதாவது இன்சோலை, உருவி அதன்மேல் வை. பென்சில் கோடு இன்சோலுக்கு வெளியே நிற்கிறது என்றால் அந்த ஷூ உன் காலை நெருக்குகிறது. நீ கல்லூரிக் காலத்திலிருந்து எட்டாம் நம்பர்தான் போடுகிறாய், எனக்குத் தெரியும். வயதாக ஆகப் பாதம் அகலும் மாப்ளே. அகலமான முன்பகுதி உள்ளதாக, அரை நம்பர் பெரியதாக வாங்கு. அதுவரை லேஸை விரல் பக்கமுள்ள முதல் இரண்டு ஓட்டையில் கோக்காமல் விட்டுக் கட்டிப் பார். எனக்கு அந்த ஒரு மாற்றமே பாதி வித்தியாசம் காட்டியது.

அடுத்தது பேட். கடையில் மெட்டாடார்சல் பேட் என்று கேட்டால் தருவார்கள், மாம்பிஞ்சு வடிவில், இன்சோலில் ஒட்டுகிற சின்ன மெத்தை. எல்லோரும் செய்கிற தப்பு, வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டுவது. நானும் அப்படித்தான் ஒட்டினேன், வலி கூடிவிட்டது. வலிக்கிற இடத்துக்குப் பின்னால், குதிகால் பக்கமாக வைத்தால்தான் அது எலும்புகளைப் பின்னாலிருந்து தாங்கி, மேட்டின்மேல் விழும் பாரத்தைக் குறைக்கும், எலும்புகளையும் சற்று விரித்துவிடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க என் பிசியோ ஒரு வழி சொன்னார். வலிக்கும் புள்ளியில் ஈரக் குங்குமம் தொட்டு வைத்துவிட்டு, ஷூவைப் போட்டுப் பத்தடி நடந்து, இன்சோலை உருவிப் பார்க்க வேண்டும். சாமி அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து உள்ளங்காலில் வைத்துக்கொண்டதை உன் தங்கை பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் இன்சோலில் சிவப்பாக ஒரு வட்டம் தெளிவாக விழுந்தது. அதற்கு அரை அங்குலம் பின்னால் பேடின் முன்விளிம்பு வருகிற மாதிரி ஒட்டினேன். முதல் இரண்டு நாள் கீழே எதையோ மிதிக்கிற மாதிரி இருக்கும். நடந்து பழகிய பிறகே ஓடு.

கெண்டைக்கால் தசையையும் பார்த்துக்கொள். அது இறுகியிருந்தால் குதிகால் சீக்கிரமே தூக்கிக்கொள்ளும், பாரம் முழுதும் முன்பாதத்தில் அதிக நேரம் நிற்கும். சுவரைத் தள்ளுகிற மாதிரி நின்று, பின்னங்கால் முட்டியை நீட்டி 30 விநாடி, மடக்கி 30 விநாடி, மூன்று முறை. காலையும் மாலையும்.

அப்புறம் வீட்டுத் தரை. நீ புது வீட்டுக்கு கிரானைட் போட்டிருக்கிறாய். அதில் நாள் முழுதும் வெறுங்காலில் நடப்பது இந்த வலிக்கு ஆகாது. மெத்தென்ற செருப்பு ஒன்றை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள். அம்மா விட மாட்டார்கள். புதுச் செருப்பு, வாசல் தாண்டாதது, பூஜை அறைக்கும் அடுப்படிக்கும் வராது என்று நான் போனில் சொல்லி வைக்கிறேன். என் பேச்சை அவர்கள் கேட்பார்கள்.

இவ்வளவும் செய்து மூன்று, நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் கால் டாக்டரிடம் போ. ஊசி போடலாம் என்பார்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் பாதத்தின் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை கரைந்துபோகும். ஓடுகிறவனுக்கு அது பெரிய நஷ்டம். கேட்டுத் தெரிந்துகொண்டு போடு. மாத்திரை போட்டு வலியை மூடிக்கொண்டு மட்டும் ஓடாதே.

ஜனவரியை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. 42 கிலோமீட்டரை மட்டும் தள்ளிவை. பத்து கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரி, நானும் அதையே ஓடுகிறேன். கால் ஒத்துழைத்தால் பிப்ரவரியில் ஆரோவிலுக்குப் போவோம். செம்மண் பாதை, முந்திரித் தோப்பு நிழல், தார்ச்சாலையைவிடப் பாதத்துக்கு எவ்வளவோ இதம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஓடி ஆறு வருஷம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் குங்குமம் பட்ட இன்சோலைப் படம் எடுத்து அனுப்பு. பேடை எங்கே ஒட்டுவது என்று பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து அனுப்பு.

உன் பழைய அறைத்தோழன்