டி டிரைவை மறந்துவிடாதே

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டரிடம் போவோம் என்றால் எண்ணெய் போதும் என்கிறாள். வாட்ஸ்அப்பில் சொல்லக்கூடியதை எதற்குத் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் வராது. இது நீ லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்க வேண்டியது.

உன் பழைய லேப்டாப்பை முத்துவுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னாயே, அதில் சித்தப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "எங்க கயல் கொடுக்குறா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான். அந்தச் சந்தோஷத்தில்தான், "கடைக்கு அனுப்பிடு, நானே எல்லாத்தையும் பாத்து ஃபார்மேட் அடிச்சுக் கொடுத்துடுறேன்" என்றேன். அன்றைக்கு நீ பேச்சை மாற்றிவிட்டாய். அதற்கப்புறம் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். ஆடிட்டர் ஆபீசில் செப்டம்பர் 30 வரைக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். லேப்டாப்பை எனக்கு அனுப்ப வேண்டாம். நீயே அழித்துவிடு. உன் அறையில், உன் கையால் அழித்துவிடு. எப்படி என்று எழுதுகிறேன்.

அதில் உன் ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கும். கொரோனா சமயத்தில் இங்கே வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது கிளையண்டுகளின் பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் அதில்தான் இறக்கி வைத்தாய். அதெல்லாம் இன்னொருவர் கண்ணில் படக் கூடாது. அப்பா கண்ணிலும் படக் கூடாது. அதுதான் முறை.

டெலீட் கொடுத்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதும் என்று நினைத்துவிடாதே. அப்படிச் செய்தால் விண்டோஸ் தன் பட்டியலில் இருந்து அந்த ஃபைலை எடுத்துவிடும், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும் பையன் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான் அல்லவா, அந்த மாதிரி. ஹார்ட் டிஸ்கில் அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். போட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான். அதை ஓட்டிவிட்டால் என்றோ அழித்த படமும் வரும், டாக்குமென்டும் வரும். ஃபைலின் பழைய பெயர் வராது, எண்களாகத்தான் வரும். அதனால் எது எது என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அங்கேதான் ஆபத்து. வேண்டியதைத் தேடுகிறவன் வேண்டாததையும் பார்த்துவிடுவான். இன்னொன்று, படத்தை அழித்தாலும் விண்டோஸ் அதன் சிறிய உருவத்தைத் தனியாக ஒரு இடத்தில் சேர்த்து வைத்திருக்கும். அது பலருக்குத் தெரியாது.

கடையில் ரெகவரிக்கு டிஸ்க் வந்தால் நான் எப்படிச் செய்வேன் என்று நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். டிஸ்கின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஃபைல்கள் வர ஆரம்பித்ததும் மானிட்டரை அவர் பக்கம் திருப்பிவிட்டு நான் வெளியே வந்து டீ குடிப்பேன். கடையில் என்னோடு இருக்கும் மாரிக்கும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். இன்றுவரை யாருடைய படத்தையும் நான் திறந்து பார்த்தது கிடையாது. ஆனால் அதை நம்பி நீ எனக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கவில்லை. யாரையும் நம்ப வேண்டிய தேவையே வராதபடி அழித்துவிட வேண்டும். சொந்தத் தகப்பன் என்றாலும் அதுதான்.

எல்லோரும் முகம் தெரியாத ஆளுக்குத்தான் பயப்படுகிறார்கள். பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். தம்பி வீட்டுக்கோ மச்சான் வீட்டுக்கோ கொடுக்கும்போது அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வெளியாள் கையில் கிடைத்த போட்டோவில் இருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரியாது. சொந்தக்காரனுக்கு எல்லோரையும் தெரியும். டிஸ்கில் கிடந்த ஒரே ஒரு கடிதத்தால் அண்ணன் தம்பி இரண்டு வீடும் இன்றுவரை பேசாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். யார் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

முத்து தங்கமான பிள்ளை. ஆனால் கம்ப்யூட்டர் முதல் வருஷம். அந்த வயதில் கையில் கிடைக்கிற மென்பொருளையெல்லாம் ஓட்டிப் பார்க்கத் தோன்றும். கெட்ட எண்ணமே இல்லாமல் ஓட்டுவான். வந்ததை வைத்துக்கொண்டு "அக்கா, இது என்ன?" என்று கேட்பான். இல்லையென்றால் சித்தியிடம் காட்டுவான். சித்தியைப் பற்றி உனக்கே தெரியும்.

படித்தவர்கள், பெரிய கம்பெனிகள் எல்லோரும் இதில் தவறுகிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷேலாட் என்ற இரண்டு பேர், கைமாறி வந்த 158 டிஸ்குகளை வாங்கிப் பரிசோதித்து 2003-ல் எழுதினார்கள். வேலை செய்த 129 டிஸ்குகளில் 12 மட்டும்தான் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் கிரெடிட் கார்டு எண், மருத்துவ விவரம் என்று என்னென்னவோ இருந்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது போலத் தெரிந்தது. 2022-ல் மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய நிதி நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விழுந்ததும் பழைய டிஸ்குகளைச் சரியாக அழிக்காமல் கைமாற விட்டதற்குத்தான். கிளையண்ட் கணக்கைக் கையில் வைத்திருப்பவள் நீ, அதனால் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உனக்கு வேண்டியதை எல்லாம் வெளி டிஸ்கில் எடுத்து வை. எடுத்ததும் நாலு ஃபைலைத் திறந்து பார், சரியாக வந்திருக்கிறதா என்று. அவசரத்தில் எதையும் தொலைத்துவிடாதே. இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றுவது அப்புறம் வேண்டும் என்று தோன்றலாம். அந்த வெளி டிஸ்க் உன்னிடமே இருக்கட்டும். ஊருக்கு அனுப்ப வேண்டாம்.

அப்புறம் கணக்குகளிலிருந்து வெளியே வா. ஒன்டிரைவை முதலில் துண்டித்துவிடு. இல்லாவிட்டால் இங்கே நீ அழிப்பது அங்கேயும் அழிந்துபோகும். குரோமிலும் அப்படித்தான். கணக்கு இணைந்திருக்கும்போது சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்தால் உன் போனிலும் போய்விடும், அதனால் முதலில் சைன் அவுட் செய். வாட்ஸ்அப்பை போனில் திறந்து, இணைத்த சாதனங்கள் பட்டியலில் இந்த லேப்டாப்பை எடுத்துவிடு. எடுக்காமல் விட்டால் நீ இன்றைக்குப் பேசுவதும் அதில் வந்து நிற்கும்.

அதன் பிறகு செட்டிங்ஸில் ரெகவரி என்ற இடத்துக்குப் போய் 'ரீசெட் திஸ் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடு. அங்கேயே அவசரப்பட்டு நெக்ஸ்ட் கொடுத்துவிடாதே. 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதற்குள் போய் 'கிளீன் டேட்டா' என்பதை ஆன் செய். கீழே எல்லா டிரைவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும், அதையும் ஆன் செய். உன் லேப்டாப்பில் இரண்டு டிஸ்க் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. 2021-ல் நான்தான் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டு அதில் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தேன். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவாக உள்ளேயே இருக்கிறது. காலேஜ் காலத்திலிருந்து எல்லாம் அந்த டி டிரைவில்தான். சும்மா ரீசெட் கொடுத்தால் சி டிரைவ் மட்டும்தான் சுத்தமாகும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

டி டிரைவைத் தனியாகவும் ஒரு முறை ஃபார்மேட் செய். குயிக் ஃபார்மேட் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுச் செய். அப்போதுதான் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகிவிட்டு உன் வேலையைப் பார். ஒரு தடவை போதும். 35 தடவை எழுத வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது 1996-ல் பீட்டர் குட்மன் என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் காலத்து டிஸ்குகளை வைத்து எழுதியது. இப்போதைய டிஸ்குக்கு அது தேவையில்லை என்று பிற்பாடு அவரே சொல்லிவிட்டார்.

எஸ்.எஸ்.டி. விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், நீ எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் வேறொரு இடத்தில் எழுதும். கணக்கில் காட்டாத உபரி இடமும் அதற்குள் உண்டு. அதனால் மேலே மேலே எழுதி அழிக்கும் வித்தை அதற்கு முழுசாகப் பலிக்காது. 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் சிப்புகளைப் படித்துப் பார்த்தபோது, ஃபைல் ஃபைலாக அழித்த முறை எதுவும் எஸ்.எஸ்.டி.யில் நம்பும்படி வேலை செய்யவில்லை. எஸ்.எஸ்.டி.க்கு என்று செக்யூர் இரேஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதைத் தயாரித்த கம்பெனியின் மென்பொருளிலோ, சில லேப்டாப்பில் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையிலோ இருக்கும். ரீசெட் செய்ததே முத்து போன்ற பிள்ளைக்குப் போதும்தான். ஆனாலும் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன். உன் மனதில் ஒரு சின்ன உறுத்தல்கூட இருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு யோசித்துப் பார்க்கிறேன். உனக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால் வேறொன்று செய். இரண்டு டிஸ்கையும் கழற்றி நீயே வைத்துக்கொள். வெறும் லேப்டாப்பை மட்டும் கொண்டு வா. எட்டாவது படிக்கும்போதே கடையில் உட்கார்ந்து ராம் மாட்டியவள் நீ. மாரி இன்றைக்கும் வருகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி ஒயரை எடு. எஸ்.எஸ்.டி. ஒரே ஒரு திருகில்தான் நிற்கிறது. ஹார்ட் டிஸ்குக்கு நாலு திருகு. திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வா. முத்துவுக்கு நான் புது எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் ஏற்றிக் கொடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றுவிட்டது, அந்த லேப்டாப் 11-ஐத் தாங்காது. செலவு என்னுடையது. சித்தப்பாவிடம், பழைய டிஸ்க் போய்விட்டது, நான்தான் மாற்றினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். டிஸ்க் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். வைத்துக்கொள்வதோ உடைப்பதோ உன் இஷ்டம். உடைத்தால் குப்பைத் தொட்டியில் போடாதே, மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடு.

புது லேப்டாப்பில், சாவி இல்லாமல் யாரும் டிஸ்கைப் படிக்க முடியாதபடி பூட்டும் என்கிரிப்ஷனை இப்போதே ஆன் செய்துவிடு. சாவி எண்ணைத் தனியாக எழுதி வை. அடுத்த தடவை இவ்வளவு பாடு இருக்காது.

சாத்தூர்க்காரர்கள் மறுபடி கேட்டார்கள். பெண் வேலை மும்முரத்தில் இருக்கிறாள், இப்போது பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு என் மேல் வருத்தம்தான். செண்பகவல்லி அம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள். பெரியத்தையும் போன் செய்து கேட்டாள். உன் பிள்ளைக்கு நீ எப்போது வாய் திறப்பாய் என்று என்னைக் கேட்கிறாள். கயல் சொல்லும்போது சொல்வாள் என்றேன். நீ என்னிடம் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. அதற்காக நீ பயந்துகொண்டு சொல்ல வேண்டாம்.

தீபாவளிக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள். அன்றைக்குக் காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடு. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிடைத்தால் நல்லது, கோவில்பட்டியிலேயே இறங்கிவிடலாம். இல்லையென்றால் நாகர்கோவில் வண்டியைப் பார். உன்னோடு யாராவது வருவதாக இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே போடு. தனித்தனியாகப் போட்டால் சீட் தள்ளித் தள்ளி விழும். மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். அம்மாவிடமும் ஆச்சியிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சார்ஜரையும் கொண்டு வா. அந்தப் பின் உள்ளது இங்கே கிடைப்பதில்லை.