ப்ராசஸர் மாற்றும் முன்: கேமிங் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

“எட்டு கோர் வாங்கலாமா, பதினான்கு கோர் வாங்கலாமா?” என்று கேட்டு நிறைய பேர் எழுதுகிறீர்கள் (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி). கேமிங்குக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. முதலில் உங்கள் கணினியில் திணறுவது எது என்று பாருங்கள். செலவே இல்லாத சோதனைதான். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் ஃப்ரேம் லிமிட், வி-சிங்க் இரண்டையும் அணைத்துவிட்டு, கேமில் கூட்டம் நிறைந்த ஓரிடத்தில் நின்று நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720-க்கு இறக்குங்கள். எண்ணிக்கை நன்றாக ஏறினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. ப்ராசஸரில் பணம் போடாதீர்கள். 70 என்றிருந்தது 72 ஆகி நின்றுவிட்டால், ப்ராசஸர் அல்லது ரேம்.

இனி கோர் கணக்கு. இன்டெல் ஐ5-13600கே-யின் பதினான்கில் வேகமான கோர்கள் ஆறுதான். மற்ற எட்டும் சிறியவை. வீடியோ ரெண்டரிங்குக்கு அவை நன்றாக உழைக்கும், கேமுக்கு அவ்வளவாக இல்லை. கேமில் பெரிய வித்தியாசம் காட்டுவது கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம். ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டுக்கும் எட்டு கோர், ஒரே கட்டமைப்பு. முன்னது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், பின்னது 4.5தான். ஆனாலும் பல கேம்களில் பின்னதே முந்துகிறது, ஏனென்றால் அதன் எல்3 கேஷ் (இருப்பதிலேயே பெரிய கேஷ் அடுக்கு) 32 எம்பி அல்ல, 96 எம்பி. கேம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே தரவுகளைத் திரும்பத் திரும்பத் தேடும். அவை கேஷிலேயே கிடைத்துவிட்டால் ரேம் வரை போய்க் காத்திருக்க வேண்டாம். சிமுலேஷன், ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுபவர்களுக்கு இந்த லாபம் பளிச்சென்று தெரியும்.

ஒப்பீட்டு அட்டவணைகளில் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சராசரி 120, ‘1% லோ’ (மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகம்) 45 என்றால், 8 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்த ஃப்ரேம் அவ்வப்போது 22 மில்லிசெகண்ட் எடுக்கிறது. கண்ணில் குத்தும் அந்த உதறல் இதுதான். 4கே-யில் எடுத்த அட்டவணையை வைத்து ப்ராசஸரைத் தேர்வு செய்யவும் வேண்டாம். அங்கே சுமை முழுக்க கார்டின் மேல் விழுவதால் எல்லா ப்ராசஸரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மாட்டிய பிறகு வரும் புகார்களில் பாதி ப்ராசஸரின் குற்றமே அல்ல. ரேம் ஒற்றைக் குச்சியாக இருக்கும். அல்லது பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ, எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து கிடக்க, 6000 வேக டிடிஆர்5 ரேம் 4800-இல் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக இரண்டு குச்சிகளும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போக வேண்டும். பழைய ஏஎம்4 (ரைசனின் முந்தைய சாக்கெட்) போர்டில் 5800எக்ஸ்3டி போடுபவர்கள், பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றிய பின் நினைவு வந்தால் திரை இருட்டாகவே நிற்கும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் 2024 இறுதிக்குப் பின் வந்த பயாஸைக் கட்டாயம் ஏற்றுங்கள். மிகை வோல்டேஜ் சிக்கலைத் தடுக்கும் திருத்தம் அதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே பழுதான சில்லை அது சரிசெய்யாது. அதற்கு வாரண்டிதான் வழி.

ஆலோசனை கேட்டு எழுதும்போது கார்டின் மாடல், மானிட்டரின் ஹெர்ட்ஸ், மேலே சொன்ன சோதனையில் வந்த இரண்டு எண்கள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் பழுதுநீக்கும் பிரிவினர்