'நிறுவு' பொத்தானுக்கு அருகிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் பல மடிக்கணினிகளில் இணையமே கிடைக்காது. பெரும்பாலும் அது, படிக்கவோ திருத்தவோ உரிமை தராத தனியுரிம மென்பொருள். எனவே, கட்டற்ற மென்பொருளை (யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதை) முன்னிறுத்தும் இயங்குதளமான டெபியன்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வெளியான 12ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுவல் கோப்பிலேயே சேர்த்தது; தனிப் பிரிவாகப் பெயரிட்டும் வைத்தது. இதை முழுமனதோடு ஏற்கிறேன்.

ஏற்க முடியாதது வேறு. சில மென்பொருள் அங்காடிகளில், மூல நிரலை (மென்பொருளை உருவாக்க எழுதிய வரிகளை) காட்டாத உலாவிகளும் அரட்டைச் செயலிகளும் கட்டற்ற மென்பொருள்களோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. உரிம விவரமோ பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். புதிதாக வருபவர் இரண்டும் ஒன்றென்றே நினைப்பார். படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை உண்டு என்று நம்பி வந்தவரிடம், இதில் அது இல்லை என்பதை 'நிறுவு' பொத்தானுக்கு அருகிலேயே எழுதிவைக்க வேண்டும்.

– வாசகர் ஒருவர்