எத்தனை மாதம் தாங்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெருக்கடியான காலத்தில் சேமிப்பை எங்கே போடலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தங்கம், பங்கு, வைப்பு நிதி என்று நன்றாகவே அலசியிருந்தீர்கள். ஆனால் போடுவதற்குக் கையில் ஏதாவது இருந்தால்தானே?

27 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். 20ஆம் தேதி தாண்டினால் என் மேசைப் பக்கம் யார் வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "அக்கா, இந்த ஒரு மாதம் மட்டும்" என்று முன்பணம் கேட்டு வந்தவர்களில் கடைநிலை ஊழியர்கள் குறைவு. பெரிய சம்பளக்காரர்கள்தான் அதிகம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அவர்களுக்கு வருமானம் போதாமல் இல்லை. சம்பளம் வந்து சேருமுன்பே மூன்று நான்கு தவணைகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

அவர்களைப் பார்த்துப் பயந்துதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதம் முடியும்போது ஒரே ஓர் எண்ணை எழுதுவேன். நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பணத்தை அந்த மாதச் செலவால் வகுத்தால் வரும் எண். நகை, நிலம் எதுவும் இதில் சேராது. நான் எழுதிய முதல் எண் 0.3. அதாவது, சம்பளம் நின்றால் ஒன்பது நாள். எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு ஒன்பதே நாள்! வகுத்ததில்தான் பிழையோ என்று இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை.

செலவைக் குறைத்தால் இந்த எண் இரண்டு வழியில் ஏறும். கையிருப்பும் கூடுகிறது, அதை வகுக்கும் தொகையும் சிறியதாகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பவர் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்க்க ஒன்பது மாதம் உழைக்க வேண்டும். கால் பங்கு சேமித்தால் மூன்றே மாதம். சம்பளம் உயர்ந்தால் எண்ணும் உயரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல உயர்வு கிடைத்த ஆண்டில் பெரிய வீட்டுக்குக் குடிபோனோம், எண் 2.6இலிருந்து 1.9க்கு இறங்கியது. கையிருப்பு ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது, செலவுதான் வளர்ந்திருந்தது.

சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே சரியாக இருக்கிறவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது அவமதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தேவை கூடுதல் கூலி, என் கணக்கு நோட்டு அல்ல. நானே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேமித்ததில்லை. அதுவும் கடைசிக் கடன் முடிந்த பிறகுதான்.

அந்தக் கடன் கதையையும் கேளுங்கள். ஒரு லட்சம், மூன்று ஆண்டு, "பத்து சதவீத வட்டிதான் மேடம்" என்றார் கடன் கொடுத்தவர். ஆண்டுக்குப் பத்தாயிரமாக மூன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் வட்டி. அசலோடு கூட்டி 36ஆல் வகுத்து, மாதம் 3,611 என்று தவணை போட்டார்கள். பிறர் சம்பளத்தைத் துளி பிசகாமல் பார்த்த நான், என் கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பதினான்காம் தவணை கட்டும்போதுதான் உறைத்தது. அசலில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, வட்டி மட்டும் இன்னும் முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குப் பத்து சதவீதம் என்றால் தவணை 3,227தான் வந்திருக்க வேண்டும். நான் கட்டிய உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். ஃபிளாட் ரேட் என்று அதற்குப் பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

கடன் அட்டை நிலுவை இதையும் மிஞ்சும். வட்டி விகிதத்தால் 72ஐ வகுத்தால் தொகை இரட்டிப்பாகும் காலம் தோராயமாகக் கிடைக்கும். மாதம் மூன்று சதவீதம் என்றால் 24 மாதத்தில் கடன் இரண்டு மடங்கு. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரட்டைப் பதிவுக் கணக்கை அச்சில் விளக்கிய இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494லேயே எழுதிவைத்தது. விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும் என்பதும் இதே கணக்குதான். ஆகவே முதலீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் எண் ஆறைத் தாண்டிய பிறகே உங்கள் கட்டுரை மாதிரியானவற்றை நிதானமாகப் படிக்கத் தொடங்கினேன்.

நிறுவனத்தை மூடியபோது எண் 14.2. ஐந்தாம் மாதம் ஒரு வேலை வந்தது: பழைய சம்பளத்தில் பாதி, நாளுக்குப் பதினொரு மணி நேரம். அன்று நோட்டில் எண் 9க்குச் சற்று மேலே இருந்தது. "இல்லை, எனக்குச் சரிப்படாது" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். என்னோடு வெளியே வந்த ஒருவர், என்னைவிட அதிகச் சம்பளம் வாங்கியவர், மறு வாரமே அந்த வேலையில் சேர்ந்தார். அவருக்கு இரண்டு தவணைகள் பாக்கி இருந்தன. எனக்கு ஏற்ற பகுதிநேரக் கணக்கு வேலை பதினோராம் மாதம் கிடைத்தது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கடன்களை ஒப்பிட்டு நீங்கள் வெளியிடும் அட்டவணையில் வட்டி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டம் சேருங்கள். அந்த வட்டி முழு அசலுக்கா, குறைந்துவரும் அசலுக்கா என்பது ஒன்று. கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம் என்பது இன்னொன்று. இடம் போதாவிட்டால் விகிதத்தை எடுத்துவிட்டாவது இரண்டாவதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர்